ஒரு நாள் குளிசையும் ஒரு நாள் பேரும்

ஹாலிஎலயைச் சேர்ந்த தோட்டம் ஒன்றில் என் சித்தி கொழுந்து பறிக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு உடம்பு தளர்ந்தது. மலையேறும்போது மூச்சு வாங்கியது, இடது விலாவுக்குக் கீழே ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது, ஒரு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்தது. "இரத்தம் குறைவு" என்று சொல்லி இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். தோட்டத்துப் பெண் களைப்பு என்று வந்தால் முதலில் கிடைப்பது அந்தச் சிவப்புக் குளிசைதான். பல மாதங்கள் கழித்து யாரோ ஒரு இளம் வைத்தியர் முழுமையான குருதிப் பரிசோதனை செய்யச் சொன்னார். வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை இருக்கவேண்டியதைவிடப் பல மடங்காக இருந்தது. நாட்பட்ட மைலோயிட் குருதிப் புற்றுநோய் என்றார்கள்.

சித்தி தொலைபேசியில் என்னிடம் சொன்னது இன்னமும் நினைவில் இருக்கிறது: "ரத்தத்துல புத்துன்னு சொல்றாங்க தம்பி. ஆனா ஊசியும் இல்ல, ஒப்பரேசனும் இல்ல. தெனம் ஒரு குளிசை போட்டா போதுமாம். பொய் சொல்றாங்களா?"

அது பொய்யில்லை. கடந்த அரை நூற்றாண்டின் மருத்துவ அறிவியலில் மிகவும் உறுதியாக நிரூபிக்கப்பட்ட உண்மைகளில் அதுவும் ஒன்று. ஆனால் "தெனம் ஒரு குளிசை" என்ற மூன்று சொற்களுக்குப் பின்னால் ஓர் அரசாங்கத்தின் கொள்வனவு முறை, ஒரு தோட்டத்தின் சம்பளப் புத்தகம், ஒரு மலைப்பாதை எல்லாம் நிற்கின்றன. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நிற்காத சங்கு

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நமது உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் உள்ளன. ஒரு புரதம் எப்போது வேலை செய்யவேண்டும், எப்போது ஓய்வெடுக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன்மேல் ஒட்டவைக்கப்படும் சின்னஞ்சிறு வேதியியல் அடையாளங்களே. அவற்றுள் முக்கியமானது பொஸ்பேற்று. கைனேஸ் எனப்படும் நொதியங்கள் பொஸ்பேற்றை ஒட்டுகின்றன, வேறு நொதியங்கள் அதைக் கழற்றுகின்றன. ஒட்டினால் பல புரதங்கள் விழிக்கும், கழற்றினால் உறங்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

தேயிலைத் தொழிற்சாலையின் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஊதினால் வேலை தொடங்கும், மாலையில் ஊதினால் வேலை முடியும். சங்கு நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சித்தியின் என்புமச்சையில் நடந்தது அதுதான்.

1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்ற இருவர் இந்நோயாளிகளின் கலங்களில் ஒரு நிறமூர்த்தம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டனர். 1973இல் ஜெனட் ரௌலி என்ற சிக்காகோ பெண் மருத்துவர் அதன் காரணத்தை விளக்கினார்: 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தமது துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டுவிட்டன. அந்த மாற்றத்தில் ஏபிஎல் என்ற கைனேஸின் பரம்பரையலகு வேறொரு பரம்பரையலகோடு ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து பிறக்கும் இணைப்புப் புரதத்துக்கு உறங்கத் தெரியாது. அது இரவு பகலாகப் பொஸ்பேற்றை ஒட்டிக்கொண்டே இருக்கும். வெண்குருதிக் கலங்கள் பெருகிக்கொண்டே போகும்.

தோட்டத்தில் பலருக்கு இருக்கும் பயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது தொற்றுநோய் அல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதும் அல்ல. பிறந்த பிறகு என்புமச்சையின் ஒரு கலத்தில் ஏற்படும் விபத்து. இந்நோய்க்கு உறுதியாக நிறுவப்பட்ட புறக்காரணி அயனாக்கும் கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களிடையே இது கூடுதலாகக் காணப்பட்டது. பெரும்பாலான நோயாளிகளுக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. சித்தி தேநீர் ஊற்றித் தந்தால் குடிக்கத் தயங்கிய அயலவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

நிற்காத அந்தச் சங்கின் வாயை அடைக்கும் மருந்துதான் இமாட்டினிப். இணைப்புப் புரதம் பொஸ்பேற்றைப் பெற்றுக்கொள்ளும் குழிக்குள் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. 1998இல் பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கத் தொடங்கினார். போதிய அளவு மருந்து பெற்ற, நாட்பட்ட கட்டத்தில் இருந்த 54 பேரில் 53 பேருக்குக் குருதி எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் என்புமச்சை மாற்று சிகிச்சைக்கு வழியில்லாதவர்களில் பெரும்பாலானோர் சில வருடங்களில் இறந்துவிடுவார்கள். இமாட்டினிப்பில் தொடங்கியவர்களைப் பத்து வருடங்களுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டு முடிவிலும் உயிரோடு இருந்தனர்.

ஒரே ஆளி, இரண்டு நோய்கள்

இந்தப் பொஸ்பேற்று ஆளிகள் புற்றுநோய்க்கென்று படைக்கப்பட்டவை அல்ல. நமது நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்புச் சக்தி, இவற்றை நம்பியே இயங்குகிறது. கிருமியொன்று உள்ளே வந்ததும் நிணநீர்க் கலத்தின் மேற்பரப்பில் உள்ள வாங்கி அதை உணர்கிறது. அடுத்த சில நொடிகளில் உள்ளே ஒரு கைனேஸ் அடுத்த கைனேஸை எழுப்ப, அது இன்னொன்றை எழுப்ப, செய்தி கைமாறிக் கைமாறிக் கலத்தின் கருவுக்குப் போகிறது. கலம் பெருகுகிறது, பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது.

இந்தச் சங்கிலியில் பி.ரி.கே. என்றொரு கைனேஸ் இருக்கிறது. 1952இல் ஒக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், திரும்பத் திரும்பக் கடும் கிருமித்தொற்றுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் குருதியில் பிறபொருளெதிரிப் புரதமே இல்லை என்று கண்டார். பிறருடைய குருதியிலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புரதத்தை ஊசிமூலம் ஏற்றியதும் சிறுவன் தேறினான். நாற்பது வருடங்களுக்குப் பின் 1993இல் காரணம் தெரிந்தது. அத்தகைய பிள்ளைகளிடம் பி.ரி.கே. பழுதடைந்திருக்கிறது. ஆளி போடப்படாததால் பிறபொருளெதிரி உண்டாக்கும் கலங்கள் முதிர்வதேயில்லை.

அதே பி.ரி.கே. வழியாக ஓயாமல் செய்தி போய்க்கொண்டிருந்தால் வருவதோ, முதியவர்களைப் பாதிக்கும் நாட்பட்ட நிணநீர்க்கலக் குருதிப் புற்றுநோய். அதை அடக்க இப்ரூட்டினிப் என்ற குளிசை 2014 முதல் பாவனையில் உள்ளது. ஆளி அணைந்தே கிடந்தால் பிள்ளைக்கு நிர்ப்பீடனம் இல்லை. அணையாமல் கிடந்தால் பெரியவருக்குப் புற்றுநோய். அந்தக் குளிசையை உட்கொள்பவர்களுக்குக் கிருமித்தொற்று எளிதில் வருவதும் இதனால்தான். ஒரு பக்கத்தை அடக்கும்போது மறுபக்கமும் கொஞ்சம் அடங்கிவிடுகிறது.

இந்த இரண்டு வகை நோயாளிகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. இருவரும் மருந்தோடு வாழ்கிறவர்கள். பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபியூலின் ஏற்றவேண்டும். சித்திக்குத் தினமும் ஒரு குளிசை வேண்டும். மருந்து வரும் பாதை அறுந்தால் இருவரின் உயிரும் அறுபடும்.

பாதை அறுந்த வருடங்கள்

பாதை அறுவது என்றால் என்ன என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990களில் வன்னிக்குள் மருந்துப் பெட்டிகள் சோதனைச் சாவடிகளில் எண்ணி எண்ணி அனுமதிக்கப்பட்ட காலத்தையும், 2009இல் காயக்காரருக்கு மயக்கமருந்துகூடப் போதாமல் போன நாட்களையும் அனுபவித்தவர்கள் நீங்கள். 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சித்தி மட்டும் ஹாலிஎலயிலேயே தங்கிவிட்டார். ஆகவே மருந்துத் தட்டுப்பாடு என்றால் அது யுத்தத்தோடு வருவது என்றே நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

2022 அந்த நினைப்பை மாற்றியது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அதற்குச் சற்று முன், மார்ச்சில், மருந்து இல்லாததால் பேராதனை வைத்தியசாலையில் முன்கூட்டியே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. ஒரு குண்டுகூட விழாமல் நாடு முழுவதும் ஒரு மருந்துத் தடையை அனுபவித்தது.

அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2023இன் இம்யூனோகுளோபியூலின் விவகாரம். அவசரக் கொள்வனவு என்ற பெயரில் வாங்கப்பட்ட மருந்து தரமற்றது என்று தெரியவந்தது. போலி ஆவணங்களைக் காட்டி அது வழங்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. அதே விவகாரத்தில், சிலவகை நிணநீர்ப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படும் றிட்டுக்சிமாப் என்ற மருந்தின் பெயரும் அடிபட்டது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்கவேண்டும். ஆனால் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று ஏற்கெனவே தெளிவு: நிர்ப்பீடனம் இல்லாத ஒருவருக்கு ஏற்றப்படும் குப்பியில் மருந்து இல்லையென்றால், அவருக்கு வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதில் ஊவா மாகாணத்துக்கு ஒரு கசப்பான தொடர்பு உண்டு. குறைந்த விலையில் தரமான மருந்து எல்லாருக்கும் கிடைக்கவேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுக்கு வகுத்துத் தந்த பேராசிரியர் சேனக பிபிலே, இதே ஊவாவின் பிபிலையில் 1920இல் பிறந்தவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அவருடைய சிந்தனையில்தான். வணிகப் பெயருக்குப் பணம் கொடுக்காதே, மூலப்பொருளின் பெயரில் கேள்விப்பத்திரம் கோரு, தரத்தைச் சோதி என்பதே அதன் சாரம். வளர்முக நாடுகள் பல அவரிடம் ஆலோசனை கேட்டன. 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டபோது பிபிலேயின் பெயர்தான் மேடைகளில் உச்சரிக்கப்பட்டது. எட்டு வருடங்களில் நடந்ததை மேலே சொன்னேன். பிபிலே மலிவான மருந்தைக் கேட்டார், சோதிக்கப்படாத மருந்தை அல்ல.

மலிவும் தரமும் சேர்ந்து கிடைக்கும் என்பதற்குச் சித்தியின் குளிசையே சாட்சி. இமாட்டினிப்பைக் கிளிவெக் என்ற பெயரில் விற்ற நொவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் அதற்குக் காப்புரிமை கோரியது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதை நிராகரித்தது. பழைய பொருளின் புது வடிவத்துக்கு, அது நோயைக் குணப்படுத்தும் திறனைக் கூட்டினாலன்றிக் காப்புரிமை இல்லை என்ற இந்தியச் சட்டப் பிரிவை எதிர்த்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2007இல் தோற்றது. 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அப்போது கிளிவெக்கின் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். 2015இல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்து விலை ஏன் மலையைவிட உயரமாக இருக்கவேண்டியதில்லை என்பதைச் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு காட்டியது.

தோட்டத்தின் கணக்கு

இவ்வளவும் சரியாக நடந்தாலும் கடைசி மைல் ஒன்று மிச்சம் இருக்கிறது. குளிசை இலவசமாகக் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதை வாங்கக் கிளினிக் போகவேண்டும். ஹாலிஎல நகரம் பதுளைக்கு அண்மையில்தான் இருக்கிறது. ஆனால் சித்தியின் லயத்திலிருந்து நகரத்துக்கு இறங்கவே காலைப்பொழுது போய்விடும். கிளினிக் நாளில் அவருக்குப் பேர் இல்லை.

தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஒரு விளக்கம்: பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. பறித்த கொழுந்து நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் ஒன்றுமில்லை. 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, அரசின் வருகைக் கொடுப்பனவாக மேலும் 200 சேர்த்து 1,750 ரூபாய் என 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வரவேற்கவேண்டியதே. ஆனால் வருகைக்குக் கொடுப்பனவு என்றால், வரமுடியாத நோயாளிக்கு இழப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். கிளினிக் நாளில் சித்தி இழப்பது 1,750 ரூபாயும் பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும். கொழும்புக்குப் போகச் சொன்னால் தொடருந்தில் ஏறத்தாழ பத்து மணித்தியாலம், போக ஒரு நாள், வர ஒரு நாள். கூடப் போகும் மகளுக்கும் பேர் போகும்.

அதனால் ஒரு கிளினிக்கைத் தள்ளிப்போட்டார். கைவசம் இருந்த குளிசைகளை நீட்டிக்க, ஒன்றைவிட்டு ஒரு நாள் போட்டார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, ரெண்டு நாள் விட்டா என்ன" என்று எனக்குச் சொன்னார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அறிவியல் இந்த இடத்தில் இரக்கமில்லாதது. லண்டனில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகள் உண்மையில் எத்தனை குளிசை எடுக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நோய் ஆழமாக அடங்கியது. அதற்குக் குறைந்தவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குக்கூட அது கிட்டவில்லை. தொண்ணூறு வீதம் என்றால் மாதத்துக்கு மூன்று குளிசைதான் தவறலாம். மருந்து முழுமையாக அடக்காத இடைவெளியில், மருந்துக்கு அடங்காத வகைக் கலங்கள் தலைதூக்கவும் கூடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நோய் மிக ஆழமாக அடங்கி, பல வருடங்கள் அப்படியே இருந்தால், வைத்தியரின் கண்காணிப்பில் குளிசையையே நிறுத்திப் பார்க்க முடியும். 2010இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் அப்படி நிறுத்தியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் நோய் திரும்பவில்லை. ஆனால் அதற்குக் குருதியில் மிச்சமிருக்கும் நோயை நுணுக்கமாக அளக்கும் பரிசோதனை ஒழுங்காக நடக்கவேண்டும். கோவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன பி.சி.ஆர் முறைதான் அதுவும். சித்தியின் மாதிரி கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது, முடிவு வரப் பல வாரங்கள் ஆயின. அளக்க வழியில்லாதவருக்கு மருந்திலிருந்து விடுதலை பெறும் வாய்ப்பும் இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் வீதிகள் மண்சரிவுகளால் துண்டிக்கப்பட்டன. மலையகத் தொடருந்துப் பாதையும் உடைந்தது. வீடும் உயிரும் போன இடத்தில் குளிசையைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வராது. ஆனாலும் சித்தியின் கையில் அப்போது ஒன்பது குளிசைகள் இருந்தன. அவர் அவற்றைத் தினமும் எண்ணிக்கொண்டிருந்தார்.

செய்யக்கூடியவை

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. நிலை சீராக உள்ள நோயாளிக்கு இரண்டு மூன்று மாதக் குளிசைகளை ஒரேயடியாகக் கொடுக்கலாம். மழைக்காலத்துக்கு முன் இது கட்டாயமாகவேண்டும். வைத்தியர் எழுதிய மருந்தைப் பிரதேச வைத்தியசாலையிலேயே பெற்றுக்கொள்ள வழி செய்யலாம். கிளினிக் அட்டையைக் காட்டினால் அந்த நாளைப் பேராகப் பதியவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் கேட்கலாம். சம்பளத் தொகைக்காகப் போராடும் சங்கங்கள் நோயாளியின் நாளுக்காகவும் ஒருமுறை பேசட்டும். புற்றுநோய் மருந்துகளின் கையிருப்பை மாகாணவாரியாகப் பகிரங்கமாக வெளியிடலாம். மாதக்கணக்கில் களைப்பு என்று சொல்லும் தோட்டத்துப் பெண்ணுக்கு இரும்புக் குளிசையோடு நிறுத்தாமல் ஒரு முழுமையான குருதிப் பரிசோதனையும் செய்யலாம். அதுதான் சித்திக்கு நோயைக் காட்டிக்கொடுத்தது.

மக்கள் முன்வந்தால் முடியும் என்பதற்கு வடக்கில் சான்று இருக்கிறது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் நாட்டின் இரு முனைகளுக்கிடையே நடந்த நடைபவனியில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்து பணம் சேர்த்தார்கள். ஊவாத் தோட்டங்களுக்குப் புதிய கட்டடம்கூட வேண்டியதில்லை. பதுளையில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கிருந்து லயம்வரை குளிசை தவறாமல் வந்துசேரும் ஒழுங்குதான் தேவை.

போன வாரம் சித்தியோடு பேசினேன். எண்ணிக்கை சீராக இருக்கிறதாம். "ஒரு நாளும் விடுறதில்ல தம்பி இப்ப. பேரு போனா போகுது" என்றார். அவர் உயிரோடிருக்கிறார் என்பதில் அறிவியலுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் ஒரு மனுசி உயிரோடிருக்கத் தன் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கவேண்டி இருப்பது அறிவியலின் குறையல்ல. அது நாம் மாற்றக்கூடியது.